மரியா மொண்டிசோரி அம்மையார்

ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாம் யாவரும் அறிந்த பெயர் மரியா மொண்டிசோரி என்பது. அவ்வம்மையார் 1870ஆம் ஆண்டு இத்தாலியிற் பிறந்தார். 1896இல் உரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நகர மனநோய் மருத்துவமனையில், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் விளையாட்டுப் பொருள் எதுவுமின்றி அடைபட்டுக் கிடக்கக் கண்டார். அவர்களுக்கு வேண்டுவது மருந்தன்று, தக்க கல்வியே எனத் துணிந்தார். 1900இல், அத்தகையோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றும் கூடத்தை நடத்துவோருள் ஒருவரானார். தொட்டறியும் பொருள்களைக் கொண்டு கற்ற அச்சிறுவருட் சிலர், வாசிப்பிலும் எழுத்திலும் ஏனைய பிள்ளைகளோடு ஒப்பப் பரீட்சையில் தேறினர். அங்ஙனமாயின், குறையேதுமில்லாப் பிள்ளைகள் அவ்வளவில் நிற்பானேன்? அவ்வினாவே 1907இல் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்துக்கு வித்தாயிற்று.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய 300 ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரினால் நாடு திரும்ப இயலாதிருந்த காலத்தில், 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952இல் மறைந்தார்.

கற்பிக்குமுன் பிள்ளையை உற்றுநோக்கி அறிதல் வேண்டும் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். கல்முனைக் கரையோரப் பாடசாலை ஒன்றிலே செவிப்புலன் குன்றிய பிள்ளை கடைசி வாங்கில் இருக்கலாம். அதனை மந்தன் என்று தள்ளுமுன், அப்பாடத்தை நாம் நினைப்போமாக.