எல்லையைக் கடந்த வள்ளியம்மை

தம்பிலுவிலிலிருந்து காலையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுப் பக்கம் படிப்பிக்க வருகிறவள் நான். சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்குச் சமாதானம் பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை எழுதாமலே வந்து நின்றாள். சமாதானம் என்பது பெரிய பதவியில் இருப்பவர்களின் வேலை, வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைகள் அதற்கு என்ன செய்யலாம் டீச்சர் என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தில்லையாடி வள்ளியம்மை 1898ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க் நகரில் பிறந்தாள். தில்லையாடி, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அவளுடைய தாயின் ஊர். தகப்பன் முனுசாமி முதலியார் ஒரு சிறு வியாபாரி. இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி அந்த நகரின் ஹமீதியா பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்களும் இந்துக்களும் கூடி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய இரும்புப் பானைக்குள் போட்டு எரித்தார்கள். யார் மீதும் ஒரு கல் விழவில்லை. அப்போது வள்ளியம்மைக்குப் பத்து வயது.

அவளைச் சிறைக்குக் கொண்டுபோன போராட்டம் அதற்கு ஐந்து வருடம் கழித்து வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய கூலித் தொழிலாளர்மீது ஆண்டுக்கு 3 பவுண் தலைவரி போடப்பட்டிருந்தது. அவர்களுடைய ஆரம்பச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங் என்பதால், கணக்குப் பார்த்தால் ஆறு மாத உழைப்பு வரிக்கே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கதையைத் தெரிந்தெடுத்தேன். பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண், தன் கணவர் ஹசன் ஈசோப்பிடம் சேர இந்தியாவிலிருந்து வந்தாள். அவளை நாட்டுக்குள் விட மறுத்தார்கள். வழக்கு கேப் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14ஆம் திகதி நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் அந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்பது அதன் சாரம். முறையாகக் காவின் எழுதி வாழ்ந்த பெண்ணும் தாலி கட்டி வாழ்ந்த பெண்ணும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவர்கள் ஆனார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளானது.

அதுவரை ஆண்கள் நடத்திய போராட்டத்துக்குள் பெண்கள் இறங்கியது அப்போதுதான். அவர்கள் கண்டுபிடித்த வழிகளைப் பாருங்கள். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தைகளோடு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தெருவில் கூடை வியாபாரம் செய்தார்கள். கைதாக வேண்டும் என்பதுதான் நோக்கம். பொலிஸார் கண்டும் காணாதவர்கள் போல் இருந்துவிட்டார்கள்! பிறகு மாகாண எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் போய், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் லயன்களில் வரிக் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் மூண்டது. அதன் பிறகே அவர்களைப் பிடித்து மூன்று மாதச் சிறை கொடுத்தார்கள். டேர்பனைச் சேர்ந்த பாத்திமா மெஹ்தாப் தன் தாயோடும் சிறு மகனோடும் சிறை சென்றதும் அந்த மாதங்களில்தான்.

வள்ளியம்மை அந்தப் பதினொருவரில் இருந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. முன்னே போனவர்கள் சிறைப்பட்ட பிறகு, அடுத்து வந்த பெண்களோடு தன் தாயையும் கூட்டிக்கொண்டு போனவள் அவள். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே போனதால் அது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நவம்பர் 6ஆம் திகதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் காந்தியோடு நடந்தே எல்லை கடந்தார்கள். டிசம்பரில் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது அவளுக்குப் பதினாறு கூட நிறையவில்லை. இன்றைய கணக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வயது.

மரிட்ஸ்பேர்க் சிறையில் பெண்களுக்குக் கிடைத்த சாப்பாடு மிக மோசம். கொடுத்த வேலை துணி வெளுப்பது. வள்ளியம்மை கடும் காய்ச்சலோடுதான் வெளியே வந்தாள். படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைக் காந்தி பார்க்கப் போனார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். இல்லை, இப்போது கூப்பிட்டாலும் போவேன் என்ற கருத்தில் அவள் பதில் சொன்னாள். 1914 பெப்ரவரி 22ஆம் திகதி, தன் பதினாறாவது பிறந்த நாளன்று, இறந்துபோனாள்.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது. ஒரு மனைவி என்ற வரையறையோடு முஸ்லிம், இந்துத் திருமணங்கள் செல்லுபடியாயின. எல்லாம் கிடைத்துவிடவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை தொடர்ந்தது. ஜூலை 15ஆம் திகதி, காந்தி அந்த நாட்டை விட்டுப் புறப்படுமுன், பிராம்பொன்டீன் மயானத்தில் அவளுக்கும், 1909இல் சிறைக் கொடுமையால் இறந்த நாகப்பன் என்ற இளைஞனுக்கும் நினைவுக்கற்கள் திறக்கப்பட்டன.

நான் வந்துபோகும் இந்தப் பாதையில் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோன நாட்கள் இருந்தன. இந்தப் பிள்ளைகளின் உம்மாமாருக்கு அது நினைவிருக்கும். மரியத்தின் நிக்காஹ் செல்லாது என்று வந்த தீர்ப்பை எதிர்த்து ஒரு தமிழ்ச் சிறுமி சிறைக்குப் போனாள் என்று வகுப்பில் சொன்னபோது, சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

கேள்வி கேட்ட பிள்ளை அடுத்த வாரம் கட்டுரையைத் தந்தாள். வள்ளியம்மையைப் பற்றி நாலு வரிதான் இருந்தது. மிச்சம் மூன்று பக்கமும் கூடை தூக்கிப் போன பெண்களைப் பற்றியது. திருத்தும்போது எழுத்துப் பிழைகளுக்கு மட்டும் புள்ளி குறைத்தேன்.