மூன்று மாநாடுகள் கண்ட வ.உ.சி.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே இருக்கிறது கடம்பூர் ரெயில் நிலையம். சுற்றிலும் கரிசல் காடு.

கடம்பூருக்குத் தென்கிழக்கே உள்ள ஊர் ஒட்டப்பிடாரம். அங்கே 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

அவர் கப்பல் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். மாநாடுகளில் அவர் கண்டது என்ன? அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

சூரத் பயணம்

1906-ம் ஆண்டு வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று பணம் திரட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார்.

1907 டிசம்பரில் குஜராத்தில் உள்ள சூரத் நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. வ.உ.சி. அங்கே போனார். எட்டயபுரத்துப் பாரதியாரும் உடன் போனார். இருவரும் திலகர் கட்சி.

மாநாடு நடத்துவது லேசான காரியமா? நூறு கல்யாணத்தை ஒன்றாக நடத்துவது போன்றது அது. வரவேற்புக் கமிட்டி பணம் வசூலிக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. என்ன தீர்மானம் வரப்போகிறது என்பதை எல்லாத் தரப்பாருக்கும் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.

செருப்பு பறந்தது!

சூரத்தில் பந்தல் இருந்தது. 1,600 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். நம்பிக்கைதான் இல்லை.

முதலில் நாகபுரியில் கூடுவதாக இருந்த மாநாடு அது. அங்கே திலகர் கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். அதனால் மிதவாதிகள் இடத்தை மாற்றினார்கள்.

சுயராஜ்யம், அன்னியப் பொருள் பகிஷ்காரம் பற்றி முந்திய ஆண்டு கல்கத்தாவில் நிறைவேறிய தீர்மானங்களை நீர்த்துப்போகச் செய்வார்களோ என்று திலகர் கட்சியார் சந்தேகப்பட்டார்கள். நகல் தீர்மானங்களும் உரிய நேரத்தில் அவர்கள் கைக்கு வரவில்லை.

26-ந் தேதி கூச்சல் எழுந்து, கூட்டம் நின்றது. மறுநாள் திலகர் மேடை ஏறினார். பேச அனுமதி இல்லை. ஒரு செருப்பு மேடைக்குப் பறந்தது. நாற்காலிகள் பறந்தன. போலீசார் வந்து பந்தலைக் காலி செய்தார்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

சிறையும் வறுமையும்

1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். 40 ஆண்டு தண்டனை! அப்பீலில் அது குறைந்தது. கோவை சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் இல்லை, கம்பெனியும் இல்லை. வறுமைதான் இருந்தது.

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் விசேஷ மாநாடு கூடியது. காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியது. வ.உ.சி.க்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பான்மையோர் எதிர்ப்பக்கம். அவர் காங்கிரசை விட்டு விலகினார்.

பறிபோயிருந்த வக்கீல் சன்னதும் பிறகு திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். குடும்பம் நடத்தவே பாடுபட்ட காலம் அது.

தலைமை நாற்காலி

அவரை நாடு மறந்துவிடவில்லை. 1927-ம் ஆண்டு சேலத்தில் அரசியல் மாநாடு கூடியது. வ.உ.சி. தலைமை வகித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நாற்காலிகள் பறந்த மாநாட்டுக்குப் போனவர், இப்போது தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்!

1936 நவம்பர் 18-ந் தேதி அவர் காலமானார். உயிர் பிரிந்த இடம் எது தெரியுமா? தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீஸ். அவரே விரும்பி அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

கொள்கையில் பிணங்கி விலகியவர்தான். ஆனாலும் கடைசி மூச்சை விட அந்த வீட்டையே தேடிப் போனார்.