எதிர்வரிசையில் கண்ணியமிகு காயிதே மில்லத்

மரக்காணம் உப்பளப் பகுதியில் வாழும் நம் வாசகர்களுக்கு ஓமந்தூர் தூரமில்லை. அவ்வூர் விவசாயியான ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். சட்டமன்றத்தில் அவருக்கு எதிரே எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள்.

1896 ஜூன் 5இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக பி.ஏ. தேர்வையே விட்டவர். பிறகு சென்னையில் தோல் வணிகம். 1945இல் மாகாண முஸ்லிம் லீகின் தலைமை.

அந்தச் சட்டமன்றம் வெள்ளையர் ஆட்சியின் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. மொத்தம் 215 பேர். சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வாக்குரிமை. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி இருந்தது. 1946 தேர்தலில் லீக் 28 இடங்களை வென்றது.

அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. வடக்கே ரத்தம் ஓடியது. ஹைதராபாத் விவகாரம் நம் மாகாணத்தின் எல்லையையே தொட்டது. லீக் உறுப்பினர் என்றாலே சந்தேகப் பார்வை. வட மாகாணங்கள் பலவற்றில் லீக் சட்டமன்றக் கட்சிகள் கலைக்கப்பட்டன. இங்கும் அப்படிச் செய்வதே பாதுகாப்பு என்று எண்ணியவர்கள் உண்டு. அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம், காலம் அப்படி. ஆனால் காயிதே மில்லத் கலைக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது, அவரே தலைவரானார். இந்த நாட்டின் குடிமகனாக, இதன் சட்டத்துக்குள் நின்று உரிமை கேட்பது என்பதே அவர் எடுத்த வழி. பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என மூன்று பேர் அரசை நடத்திவிட்டுப் போனார்கள். 1952 வரை எதிர்க்கட்சித் தலைவர் மாறவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதி வேண்டும் என்று வாதாடித் தோற்றார். எல்லோருக்கும் வாக்களித்த 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தில் லீகுக்குக் கிடைத்தது 5 இடங்கள். அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். பின்னர், தாம் எதிர்த்த அதே பொதுத்தொகுதி முறையில், கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து 1962, 1967, 1971 என மும்முறை மக்களவைக்கு வென்றார்.

1972 ஏப்ரல் 5இல் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்குவானாக.