கண்ணாக வந்த நாய்!

அமெரிக்காவில் நாஷ்வில் நகரைச் சேர்ந்தவர் மோரிஸ் பிராங்க். இரண்டு விபத்துகளால் 16 வயதிலேயே இரு கண்களும் போயின.

1928-ல் சுவிட்சர்லாந்து சென்றார். வழிகாட்டப் பழகிய பெண் நாயுடன் திரும்பினார். அதன் பெயர் பட்டி. தோழன் என்று பொருள்.

நியூயார்க்கில் கார்கள் சீறிப் பாயும் சாலை. நிருபர்கள் பார்த்து நின்றார்கள். நாயின் வார்ப்பிடியைப் பற்றியபடி பிராங்க் இறங்கினார். நாய் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். அவசரப்பட்டு இழுத்திருந்தால் உயிர் போயிருக்கும். பத்திரமாக அக்கரை சேர்ந்தார்!

ஆனால் ரெயிலிலும் ஓட்டலிலும் நாய்க்கு இடமில்லை என்றார்கள். பிராங்க் சோர்ந்துவிடவில்லை. பழகிய நாய் யாருக்கும் தொல்லை தராது என்று ஊர் ஊராகச் சென்று காட்டினார்.

1956-க்குள் அங்கே எல்லா மாநிலங்களும் அனுமதிச் சட்டம் இயற்றின. 1980-ல் பிராங்க் மறைந்தார். அவர் திறந்த கதவுகள் மூடவில்லை.