அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவி துறந்த வரலாறு

1947 ஆகஸ்டில் சட்ட அமைச்சரான அண்ணல் அம்பேத்கர், திட்டத் துறையும் தமக்கு வருமென்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டங்கள் பெற்ற மேதை அவர்; 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக சபையில் தொழிலாளர் துறையை நடத்திய அனுபவமும் உண்டு. எனினும் வேறு துறை எதுவும் தரப்படவில்லை. அமைச்சரவையின் வெளியுறவு, பாதுகாப்புக் குழுக்களிலும் இடமில்லை.

அப்போதே விலகியிருக்கலாகாதா என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா அவர் கையில் இருந்தது. அதன்பொருட்டே, உடல் நலிவுற்ற நிலையிலும், புறக்கணிப்பைப் பொறுத்திருந்தார். 1951 செப்டம்பரில், நான்கே பிரிவுகள் நிறைவேறிய அளவில், மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பர் 27ஆம் நாள் பிரதமர் நேருவுக்கு விலகல் கடிதம் எழுதினார்.

அக்டோபரில் அவையில் விளக்கவுரை ஆற்ற எழுந்தார். உரையின் நகலை முன்னரே தரவேண்டுமென்றார் துணை சபாநாயகர். அண்ணல் இசையவில்லை, அவையை விட்டு வெளியேறினார்.