எல்லாரும் ஒரே வேகத்தில் நடக்கணுமா?



ஆனர்ஸ் டிகிரிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி சர்க்குலர் வந்தப்போ நீங்க என்ன பண்ணீங்க? நான் பெயர் கொடுக்கல. பிடிக்காமல் இல்ல, பயம்தான். கூடுதல் பேப்பரில் மார்க் குறைஞ்சா கம்பெனி கட்-ஆஃப் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பின்வாங்கிட்டேன். இப்போ ஃபைனல் இயரில் உட்கார்ந்து, இந்த ஆனர்ஸ் எதுக்காகத்தான் வந்தது என்று தேடினேன். அப்போது கிடைத்த பெயர் ஃபிராங்க் ஏடெலாட். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆனர்ஸ் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது.

1880-இல் இந்தியானா மாநிலத்தின் சல்லிவன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்தார், ஃபுட்பால் ஆடினார். பிறகு ஹார்வர்டில் எம்.ஏ. 1905-இல் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

அங்கே பாஸ் டிகிரி வேறு, ஆனர்ஸ் டிகிரி வேறு. ஆனர்ஸ் மாணவன் ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவான். வாராவாரம் ஒரு கட்டுரை எழுதி ட்யூட்டரிடம் வாசித்துக் காட்டுவான். தினமும் அட்டெண்டன்ஸ், மாசாமாசம் டெஸ்ட் என்ற விரட்டல் இல்லை. கடைசியில் ஒரு பெரிய தேர்வு மட்டும். நாம் பார்த்துப் பழகிய படிப்புக்கு நேர் எதிர், இல்லையா?

அமெரிக்கா திரும்பியவர் 1915-இல் எம்.ஐ.டி.யில் ஆங்கிலப் பேராசிரியர் ஆனார். அதாவது, நம்மைப் போன்ற இன்ஜினியரிங் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவர்! வெறும் கிராமர் பயிற்சி கொடுத்தால் போதும் என்று அவர் விடவில்லை. இன்ஜினியர் என்றால் யார், அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்பது போன்ற கேள்விகளை முன்வைக்கும் கட்டுரைகளைத் தொகுத்து 1917-இல் 'இங்கிலீஷ் அண்ட் இன்ஜினியரிங்' என்ற புத்தகமே போட்டார். யோசிக்கத் தெரிந்தால் எழுத்து தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை.

1921-இல் பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். சில நூறு மாணவர்கள் மட்டுமே படித்த சின்னக் கல்லூரி. பதவியேற்ற அடுத்த வருஷமே, 1922-இல், ஆனர்ஸ் திட்டத்தை ஆரம்பித்தார். முதலில் ஆங்கில இலக்கியம், சமூக அறிவியல் என்று இரண்டே பிரிவுகள்தான். சரியாக வருதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மற்ற துறைகளுக்குக் கொண்டுபோனார்.

திட்டம் இதுதான். கடைசி இரண்டு வருஷம் ஆனர்ஸ் மாணவர்களுக்கு வழக்கமான வகுப்புகள் கிடையாது. ஒரு செமஸ்டருக்கு இரண்டு செமினார். ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குக் கொஞ்சம் பேர். பல நேரம் பேராசிரியரின் வீட்டிலேயே நடக்கும். மாணவர்கள் தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். இரண்டு வருஷ முடிவில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். இதில் முக்கியமான விஷயம், தேர்வு வைப்பவர்கள் வேறு கல்லூரிகளிலிருந்து வரும் பேராசிரியர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். நமக்கு இன்டர்னல் மார்க் போடுகிறவரும் பாடம் நடத்துகிறவரும் ஒருத்தரே. அதனால் சந்தேகம் கேட்கக்கூடத் தயங்குறோம். இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைச்சிடுவாரோ என்ற பயம். ஆனால் வெளியிலிருந்து ஒருத்தர் வந்து தேர்வு வைத்தால்? மாணவனும் ஆசிரியரும் ஒரே டீம். பயிற்சியாளர் மாதிரி ஆசிரியர் உங்க பக்கம் நிற்பார். தெரியாததை அவரிடம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. இதைப் படித்தபோதுதான், நான் எதுக்குப் பயந்தேன் என்பது எனக்கே புரிஞ்சது.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. சின்னச் சின்ன செமினார் என்றால் ஆசிரியர்கள் அதிகம் வேண்டும், பணம் வேண்டும். ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கிய ஜெனரல் எஜுகேஷன் போர்டிடம் பேசி நிதி வாங்கினார். கல்லூரியில் ஃபுட்பாலுக்கு இருந்த அளவுக்கு மீறிய மவுசைக் குறைத்தார். பழைய மாணவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். தானே ஃபுட்பால் ஆடியவர் என்பதால், விளையாட்டே தெரியாதவர் பேசுகிறார் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

நன்றாகப் படிப்பவர்களைத் தனியாகப் பிரிப்பது ஜனநாயகமா என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்விதான். அவருடைய பார்வையில், எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்துக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. அவரவர் திறமைக்கு ஏற்ற சவாலைக் கொடுப்பதுதான் சமத்துவம். இதில் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. இருபது வயதில் யாருக்கு எவ்வளவு திறமை என்று யார் முடிவு செய்வது? நீங்களும் யோசிங்க.

1939-இல் பிரின்ஸ்டனில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடிக்கு இயக்குநர் ஆனார். ஐன்ஸ்டைன் இருந்த இடம். போர்க்காலத்தில் கணித மேதை கோடெல் அமெரிக்கா வந்து சேர, அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியவர்களில் இவரும் ஒருவர். 1944-இல் ஆனர்ஸ் படிப்பு பற்றிய தன் அனுபவத்தை 'பிரேக்கிங் தி அகடெமிக் லாக் ஸ்டெப்' என்ற புத்தகமாக எழுதினார். லாக் ஸ்டெப் என்றால் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, இடைவெளியே இல்லாமல், ஒரே காலடியில் நடப்பது. அந்தக் காலத்துச் சிறைகளில் கைதிகளை அப்படித்தான் நடத்திக் கூட்டிப் போவார்கள். கல்லூரி வகுப்பறையைப் பார்த்து அவருக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது! 1956-இல் மறைந்தார். ஸ்வார்த்மோரில் ஆனர்ஸ் திட்டம் 100 வருஷம் தாண்டியும் நடக்கிறது. வெளித் தேர்வாளர்கள் இன்றைக்கும் வருகிறார்கள்.

ஜூனியர்களே, அடுத்த சர்க்குலர் வரும்போது சிஜிபிஏ கணக்கு மட்டும் போடாதீங்க. நம்ம கல்லூரியிலும் ஒரு பேராசிரியரோ முதல்வரோ பாடத்திட்டத்தைத் தாண்டி உங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டால், தயங்காமல் உள்ளே போங்க. போகும்போது அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிடுங்க. நான் ரெண்டையும் செய்யல.