நாடகத் தமிழ் வளர்த்த நல்லாசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் என முத்திறப்படுவது நம் தமிழ். அவற்றுள் இயற்றமிழைப் பேணப் புலவர் பலர் தோன்றினர். இசைத்தமிழுக்கும் பண்ணும் பாட்டும் வல்லார் பலர் உளர். நாடகத்தமிழோ நெடுங்காலம் தாயற்ற சேய்போல் தெருக்கூத்து மேடையில் மட்டும் உயிர் தாங்கி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேய்க்குக் கைகொடுத்தோர் மூவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற் கலைஞர் நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டிலே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துக் கற்றோரை மேடைக்கு அழைத்தார். மூன்றாமவர் சங்கரதாஸ் சுவாமிகள். இவர் கல்லூரிப் படி மிதித்தவர் அல்லர். ஆயினும் பாமர மக்கள் நாவில் இன்றளவும் நடமாடுவன இவர்தம் பாடல்களே. இப்பெரியார் வரலாற்றை, சிறப்பாக அவர் சிறுவரைக்கொண்டு நடத்திய பாலர் நாடக சபையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் தாமோதரனார், தாயார் பேச்சியம்மாள். தந்தையார் இராமாயணச் சொற்பொழிவில் வல்லவர். ஆகவே மைந்தர்க்குத் தமிழின் முதற்பாடம் இல்லத்திலேயே கிடைத்தது. பின்னர் அக்காலத்துப் பெரும்புலவராகிய பழநித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து யாப்பும் அணியும் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருக்கு ஒருசாலை மாணாக்கர். வெண்பாவும் கலித்துறையும் பாடும் ஆற்றல் இளமையிலேயே இவருக்கு வாய்த்தது.

எனினும் வயிறு பாட்டினால் நிறைவதன்று. தூத்துக்குடி வட்டாரம் உப்பளங்கள் மிக்கது. அங்கே உப்புப் பண்டகசாலை ஒன்றில் சங்கரதாசர் கணக்கராய் அமர்ந்தார். பகலில் உப்பு மூட்டைகளை எண்ணி ஏட்டிலெழுதிய அதே கை, இரவில் கவி எழுதிற்று. இருபத்துநான்காம் அகவையில் கணக்கேட்டை மூடிவிட்டு நாடக மேடையை நாடினார். அவ்வாண்டு 1891, சென்னையிலே சுகுண விலாச சபை பிறந்த ஆண்டும் அதுவே. வடக்கே கற்றோர் குழாம் ஒன்றும், தெற்கே உப்பளக் கணக்கர் ஒருவரும் ஒரே ஆண்டில் நாடகத்துறையிற் புகுந்தமை எண்ணி மகிழத்தக்கது.

நடிகர் ஆசிரியரானமை

முதற்கண் இவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய கொடிய வேடங்கள் இவருக்கு மிகப் பொருந்தின. உயர்ந்த உருவமும் முழங்கும் குரலும் அவ்வேடங்களுக்கு உயிரூட்டின. சாவித்திரி நாடகத்தில் எமனாய் இவர் தோன்றக் கண்ட கருவுற்ற மாது ஒருத்தி அச்சத்தால் கருச்சிதைவுற்றாள் என்றும், சனீசுவர வேடத்தைக் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண் ஒருத்தி அஞ்சி உயிர்நீத்தாள் என்றும் நாடகவுலகில் வழிவழியாகச் சொல்லுவர். இச்செய்திகள் எத்துணை மெய்யாயினும் ஆகுக. தம் கலை பிறர்க்குத் துன்பம் விளைத்தது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை உறுத்தியதென்பதும், அதன்பின் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார் என்பதும் அவ்வரலாற்றின் சாரம். அரங்கின் முன்னே நின்றவர் அன்று முதல் அரங்கின் பின்னே ஆசிரியராய் அமர்ந்தார்.

இடையே உலகப் பற்றை வெறுத்துத் தலங்கள்தோறும் யாத்திரை செய்தார். முருகனிடத்தே ஆழ்ந்த அன்பு பூண்டு, மணம் செய்துகொள்ளாது துறவியைப் போல் வாழ்ந்தமையால் மக்கள் இவரைச் சுவாமிகள் என அழைக்கலாயினர். யாத்திரைக் காலத்தே இவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துத் தம் மகனெனப் போற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவை இசையரங்கில் ஏற்றிய லயமேதை அவர். அவரிடம் பெற்ற தாளப் பயிற்சியே சுவாமிகளின் சந்தப் பாடல்களுக்கு அடிப்படையாயிற்று. சுவாமிகளின் பாட்டு எளிய சொற்களால் ஆயினும் அதன் தாளக்கட்டு சிறிதும் நெகிழாது. படிப்பறியா உழவரும் ஒருமுறை கேட்டு மனத்திற் பதித்துக்கொள்ள அதுவே காரணம் என்க.

பாலர் சபை தோன்றிய காரணம்

பின்னர்ச் சுவாமிகள் பல நாடகக் குழுக்களுக்கு ஆசிரியராய் இருந்தார். அங்கே அவர் கண்ட குறைகள் பல. வயதில் முதிர்ந்த நடிகர் பலர் பாடம் நெட்டுருச் செய்வதில்லை. எழுதிக் கொடுத்த உரையை விட்டு மேடையில் மனம்போனபடி தர்க்கம் புரிவர். குடிப்பழக்கமும் ஒழுங்கின்மையும் உடையோரும் இருந்தனர். ஒருவர் புகழ்பெற்றவுடன் குழுவை விட்டுப் பிரிவர். இந்நிலையில் நாடகம் அறம் உரைப்பதெங்ஙனம்? வளைந்து முற்றிய மரத்தை நிமிர்த்தலாகாது. நாற்றை நட்டு வளர்த்தலே வழி எனச் சுவாமிகள் துணிந்தார்.

1910ஆம் ஆண்டளவில் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். பின்னாளில் இசையால் நாட்டையே மயக்கிய செங்கோட்டைக் கிட்டப்பா இளமையில் பயின்ற இடம் அதுவே. அதன்பின் ஜெகந்நாத ஐயரின் பால மீனரஞ்சனி சங்கீத சபையில் ஆசிரியராய் இருந்தார். இறுதியாக 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தோன்றிற்று. உரிமையாளர் வேறு சிலராயினும் சபையின் உயிர் சுவாமிகளே.

இச்சபையில் சேர்ந்த சிறுவருள் பின்னாளில் பெரும்புகழ் எய்தியவர் டி. கே. எஸ். சகோதரர். அவர்தம் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடம் புனைவதில் பேர்பெற்றவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரும் 1918இல் சேர்ந்தனர். இளையவராகிய பகவதியும் பின்னர் மேடையேறினார். சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

பாலர் சபையின் வாழ்க்கையை இன்றைய மாணவர் அறிதல் நன்று. சிறுவர் யாவரும் கம்பெனி வீட்டிலேயே தங்குவர். ஓரிடத்தே உண்டு உறங்குவர். பகலில் பாடமும் பாட்டும், இரவில் நாடகம். ஓர் ஊரில் வசூல் குறைந்தவுடன் திரைச்சீலைகளையும் உடைப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் செல்வர். ஆசிரியர் வரும் ஓசை கேட்டால் வீடே அடங்கும். ஒரு சொல் பிறழினும் கண்டிப்பு உண்டு. ஆயினும் தமிழ் உச்சரிப்பில், தாளத்தில், பொருளுணர்ந்து பேசுவதில் அச்சிறுவர் பெற்ற தேர்ச்சி பல்லாண்டு பள்ளியிற் பயின்றார்க்கும் எளிதன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. தாய்மடியை விட்டு நீங்காத வயதினர் ஊர்தோறும் இரவு விழித்து உழைத்தனர். வறுமையே பெரும்பாலோரை அங்குக் கொண்டுவந்து சேர்த்தது. குரல் உடையும் பருவம் வந்து மகரக்கட்டு நேர்ந்தால், நேற்றுவரை இராஜபார்ட்டாய்க் கொலுவிருந்த சிறுவன் இன்று ஏவல் செய்யும் வேடத்திற்கு இறங்குவான். அன்றி வீடு திரும்புவான். பள்ளிக்கல்வியோ இல்லை. ஆறு முதல் பதினான்கு வயதினர்க்குக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாழும் நாம் அம்முறையை மீண்டும் வேண்டமாட்டோம். ஆயினும் அக்காலத்தே எழுத்தறிவு பெற வேறு வழியில்லாத ஏழைச் சிறுவர் பலர்க்குச் சுவாமிகளின் சபையே பள்ளியாயிற்று என்பதையும் மறுத்தலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே உளத்திற்கொண்டு நோக்குவதே நேர்மையாகும்.

ஓரிரவில் எழுந்த நாடகம்

சுவாமிகளின் புலமைக்கு ஒரு சான்று போதும். சிறுவன் சண்முகத்தைத் தலைமைப் பாத்திரமாகக்கொண்டு ஒரு புதிய நாடகம் வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. இரவு உணவுக்குப் பின் விளக்கின்முன் அமர்ந்த சுவாமிகள் பொழுது புலருமுன் அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக எழுதி முடித்தார்; அடித்தல் திருத்தல் இல்லை. இதனைப் பின்னர்ப் பதிவுசெய்தவர் அச்சண்முகமே.

அவர் இயற்றிய நாடகங்களை நாற்பது என்பாரும் அறுபத்தெட்டு என்பாரும் உளர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், நல்லதங்காள், பிரகலாதன், சுலோசனா சதி, சதி அனுசூயா, இலவகுசா முதலியன பெயர்பெற்றவை. ஆங்கிலப் பெருங்கவி சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகியவையும் அவர் கைப்பட்டுத் தமிழ் வடிவம் பெற்றன. கிறித்தவ மக்களிடையே பரவியிருந்த ஞானசௌந்தரி கதையையும் அவர் நாடகமாக்கினார். முருகனடியாராகிய ஒருவர், கைகளை இழந்தும் நம்பிக்கையை இழவாத கிறித்தவப் பெண்மணியின் கதையைத் தம் மேடையில் ஏற்றினார் என்பது எம்போன்றார்க்குத் தனி மகிழ்ச்சி அளிப்பது. நல்லார் ஒழுக்கம் எச்சமயத்ததாயினும் தமிழ்மேடைக்கு உரியதென்று அவர் கருதினார் போலும்.

இறுதி நாட்கள்

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாத நோய் பற்றிற்று. கையும் காலும் செயலிழந்தன, நாவும் அடங்கிற்று. ஆயிரம் பாடல்களை இசைத்த நா பேச்சிழந்தமை எத்துணைப் பெருந்துயர்! எனினும் அவர் சபையை விட்டுப் பிரியவில்லை. அவரால் சொல்ல இயலாத சொற்களை அவர் பயிற்றிய சிறுவர் மேடையிற் பேசினர். சபை புதுச்சேரியில் இருந்தபோது 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் நாடகக் கலைஞர் அங்குக் கூடி இசையால் அஞ்சலி செலுத்துகின்றனர்.

ஏடு எங்கே?

இனி, எண்ணத்தக்கது ஒன்றுண்டு. பாலர் சபைகள் பல தோன்றி மறைந்தன. அவற்றின் வரவு செலவுக் கணக்குகள், சிறுவர்தம் பெயர்ப் பட்டியல்கள், நாடகக் கையெழுத்துப் படிகள், விளம்பரத் துண்டுகள் ஆகியவற்றுள் நம் கைக்கு எட்டியவை மிகச் சில. ஊர்விட்டு ஊர் செல்லும் குழுவுக்குப் பெட்டியில் உடைக்கு இடமுண்டு, ஏட்டுக்கு இடமில்லை. சுவாமிகள் எழுதியவற்றுள் இன்று முழுமையாகக் கிடைப்பன ஒரு சிறு பகுதியே. உப்பு மூட்டைக்குக் கணக்கெழுதிய பெரியார் தம் நாடகங்களுக்குக் கணக்கெழுதிவைக்கவில்லை.

ஆயின், அவை முற்றும் அழியாது காத்தது எது? அச்சிறுவர்தம் நினைவே. அவர் நெட்டுருச் செய்த பாடமே ஏடாயிற்று. சுவாமிகளுக்குப் பின் டி. கே. எஸ். சகோதரர் 1925இல் தமக்கெனத் தனிச்சபை நிறுவினர். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடக மாநாடு கூட்டினர். ஆறு வயதில் அவர் காலடியில் அமர்ந்த சண்முகம், முதுமையுற்ற பின் ஆசிரியர் வரலாற்றையும் தம் நாடக வாழ்க்கையையும் நூல்களாக எழுதிவைத்தார். அவர் எழுதாதிருந்தால் இக்கட்டுரையில் பாதி இல்லை.

நினைவாகிய அவ்வேட்டின் மற்றொரு படி நம் சிற்றூர்களில் உள்ளது. காரைக்குடியிலும் கோவிலூரைச் சூழ்ந்த ஊர்களிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் திருவிழாக் காலத்தே வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறக் காணலாம். ஓர் ஊரிலிருந்து வேலனும், வேறோர் ஊரிலிருந்து வள்ளியும், மற்றோர் ஊரிலிருந்து நாரதரும் வந்து, முன் ஒத்திகை ஏதுமின்றி ஒரே மேடையில் நடிப்பர். ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் இம்முறை இயல்வதெவ்வாறு? யாவரும் சுவாமிகளின் ஒரே பாடத்தைப் பயின்றிருத்தலாலன்றோ! தர்க்கம் இடத்துக்கேற்ப மாறும். பாட்டின் அடிப்படை மாறாது. பேசும்படத்திற்கும் இவ்வழியே அவர் செல்வம் சென்றது. காரைக்குடி வட்டாரத்தில் தியாகராஜ பாகவதர் நடித்த பவளக்கொடி நாடகத்தைக் கண்டே 1934இல் அதனைப் படமாக்கத் துணிந்தனர் என்பர். காரைக்குடி மெய்யப்பச் செட்டியார் 1935இல் எடுத்த முதற்படமும் அல்லி அர்ஜுனா கதையே.

நண்பர்காள்! திருவிழா மேடையில் பாடும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவரவர் வீட்டுப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகமும், கையெழுத்து நோட்டும், கறையான் அரித்த நாடக நோட்டீசும் இன்னும் சில கிடக்கலாம். விடுமுறையில் ஊர் செல்லும் நாம் அவற்றைக் கேட்டறிந்து படியெடுத்தால், அதுவே சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் குருகாணிக்கையாகும். அவர் சிலையின்முன் மாலை சூட்டப் பலர் உளர். அவர் பாடலுக்குப் பிழையற்ற படி ஒன்று தேடித் தருவார் சிலரே. தமிழ் பயிலும் நாம் அச்சிலருள் ஒருவராதல் வேண்டும். வாழ்க நாடகத் தமிழ்!